நூற்றுப் பதினெட்டாம் கட்டையின் முகம்

காலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் சார். சாக்குக்குள் இருப்பது தேங்காய் இல்லை. உருளாது, உடையாது. உங்கள் சுண்டுவிரல் மோதினால் விரல்தான் உடையும். கண்டக்டரிடம் தோசைக்கல் என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "இதுல ஊத்தினா ஊருக்கே ஒரு தோசை போதுமேங்க" என்று சொல்லிவிட்டு, சாக்குக்கும் ஒரு ஆள் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டார். பரவாயில்லை. இந்த பஸ்ஸில் டிக்கெட் எடுத்த சாக்கு இது ஒன்றுதான்.

டவுன் வரைக்குமா? நல்லது. நானும் அங்கேதான். பதினோரு மணிக்குக் கோட்ட வன அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஒரு விசாரணை. என் மேல் இல்லை, நீங்கள் நகர்ந்து உட்கார வேண்டாம். என் மச்சினன் திருமூர்த்தி மேல். மாராத்தாளுடைய தம்பி. மாராத்தாள் என் வீட்டுக்காரி. அவள் என்னோடு பேசிப் பத்தொன்பது நாள் ஆகிறது, இன்று காலையில் பேசியதைக் கழித்துவிட்டால்.

நான் நாச்சிமுத்து. வேங்கைத்துறை அரசு மரக்கிடங்கில் காவலர். டிப்போ என்போம். இருபத்திரண்டு வருஷம். காவலர் என்றதும் கேட்டருகே உட்கார்ந்து பீடி குடிப்பவன் என்று நினைத்துவிடாதீர்கள். பீடியை விட்டே ஆறு வருஷம் ஆகிறது.

காட்டில் மரம் சாய்ந்ததோடு கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நின்ற மரத்துக்கு எதிரி இடி, தீ, யானை. அவ்வளவுதான். படுத்த மரத்துக்கு எதிரி வெயில், காற்று, பூஞ்சணம், வண்டு, கடைசியாக மனிதன். இந்த ஐந்து பேரையும் நான் ஒருவன் சமாளிக்க வேண்டும். நீங்கள் ஈட்டிக் கட்டை பார்த்திருக்கிறீர்களா? தோதகத்தி என்றும் சொல்வார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் இல்லை, சாம்பல் நிறத்துப் பட்டை. அறுத்த இடத்தைப் பார்க்க வேண்டும். கத்தரிக்காய்த் தோலின் ஊதா, அதில் கறுப்புக் கோடு கோடாக ஓடும். மூக்கை வைத்தால் லேசாகப் பன்னீர் மணக்கும். அறுத்த அந்த இரண்டு முனைகளையும் நாங்கள் முகம் என்போம். அடிமுகம், நுனிமுகம்.

முகத்தில்தான் எல்லாம் இருக்கிறது சார். கட்டைக்குள் இருக்கும் ஈரம் பக்கவாட்டில் மெதுவாகத்தான் போகும். முகம் வழியாக ஓட்டம் பிடிக்கும். முகம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், உள்ளே இருப்பது சுருங்காது, இழுபறியில் பிளந்துவிடும். சண்டை போடுகிற அண்ணன் தம்பிக்கு நடுவில் சுவர் பிளக்கிற மாதிரி. அதனால் மரம் வந்த அன்றே முகத்தில் மெழுகுப் பால் பூச வேண்டும். பால் மாதிரி வெள்ளையாக டிரம்மில் வரும், காய்ந்தால் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். அதன் மேல் நனைந்த சாக்கு. காலையில் தண்ணீர், மதியம் தண்ணீர், சாயங்காலம் தண்ணீர். தரையில் படாமல் அடியில் தாங்குகட்டை. மேலே தென்னங்கீற்று. மாராத்தாள் ஒரு தடவை டிப்போவுக்குச் சோறு கொண்டுவந்தவள் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, "எனக்குக் காச்சல் வந்தப்ப ஒரு ஈரத்துணி நெத்தியில போட்டீங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல். இரண்டே நாளில் இறங்கிவிட்டது. ஈட்டியில் விரிசல் விழுந்தால் இறங்குமா, சொல்லுங்கள்.

இன்னொன்று முத்திரை. அடிமுகத்தில் டிப்போ எண் வெட்டி, பக்கத்தில் முத்திரைச் சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. சுத்தியல் தலையில் எங்கள் டிப்போவின் எழுத்து புடைத்து நிற்கும், கட்டையில் குழிந்து பதியும். அந்த எண், நீளம், சுற்றளவு மூன்றும் பதிவேட்டில் ஏறும். லாரியோடு போகும் பாஸிலும் அதே மூன்றும் இருக்கும். வழியில் எந்தச் செக்போஸ்டில் நிறுத்தினாலும் பாஸைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பார்கள், நாடாவைப் பிடித்து அளப்பார்கள். மூன்றும் ஒத்துப்போனால் போகலாம். முத்திரை இல்லாத ஈட்டிக்கட்டை என்றால் கேள்வியே கிடையாது, திருட்டுக்கட்டை. கட்டையையும் பிடிப்பார்கள், ஏற்றிய லாரியையும் பிடிப்பார்கள். லாரி அரசாங்கத்துக்கே போய்விடவும் சட்டம் இருக்கிறது. சுத்தியல் யார் கையிலும் கிடைக்காது. எழிலரசி மேடம்தான் எங்கள் டிப்போ ரேஞ்சர். இரும்புப் பெட்டி அவர் அறையில், சாவி அவர் கைப்பையில்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்பதற்காக. பின்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

நூற்றுப் பதினெட்டு ஐப்பசிப் புயலில் விழுந்த மரம். நாலு மீட்டர் இருபது சென்டி நீளம், ஒன்றரை மீட்டர் சுற்றளவு. கோணல் இல்லை, முடிச்சு இல்லை, பொந்து இல்லை. ஐந்து மாசம் நான் பார்த்துக்கொண்டேன். மாசி ஏலத்துக்கு வந்த மரக்கடைக்காரர்கள் எல்லாரும் அதன் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாருங்க பார்த்துக்கறது?" என்று கேட்டார்கள். மேடம் என்னைக் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஏலம் முடிந்தது. பாஸ் எழுதியாகிவிட்டது. லாரி மட்டும்தான் வர வேண்டும். அந்த லாரி வாடகையைத் திருமூர்த்திக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவன் ஒருநாளும் சொல்ல மாட்டான்.

திருமூர்த்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல பையன்தான். பையன் என்ன, முப்பத்தாறு வயசு. வாய் கொஞ்சம் நீளம். தாய் இல்லாமல் அக்காவிடம் வளர்ந்தவன். சொந்தமாக ஒரு லாரி. மற்ற லாரிகளின் நெற்றியில் சாமி பெயர் இருக்கும், இவன் லாரியில் 'அக்கா துணை' என்று எழுதியிருக்கும். 'மச்சான் துணை' என்று பின்பக்கம் சேற்றுத் தட்டியிலாவது எழுதலாம் இல்லையா? ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன். "எழுதலாமுங்க மச்சான், ஆனா பின்னாடி வர்றவனெல்லாம் நம்பி முட்டிடுவான்" என்றான். அவன் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

அவன் மகளுக்குக் காதுகுத்து வைத்தான். பங்குனி மூன்றாம் தேதி. லாரி ஏற்ற வேண்டிய நாளுக்கு நாலு நாள் முன்னால். நான் ஒரு நாள் லீவு போட்டுப் போனேன். ஆனால் பாருங்கள், முதல் நாள் கிடாய் வெட்டு. இரண்டாம் நாள் மிச்சக் கறியில் குழம்பு. மூன்றாம் நாள் எலும்பு ரசம். "மச்சான், அதுக்குள்ள கெளம்பினா எனக்குத்தான் கேவலம், ரசத்துக்கு இருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு அவன்தான் விடவில்லை. நான் வேண்டாம் என்று சொன்னேன். வாயில் சோறு இருந்ததால் அவனுக்கு அது கேட்கவில்லை.

பங்குனியில் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று நாள் யாரும் சாக்கை நனைக்கவில்லை. நான்காம் நாள் காலை வந்து சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். அடிமுகத்தில் நடுவிலிருந்து மேலே ஒரு கோடு. நெற்றியில் விபூதிக்குப் பதிலாக யாரோ நெட்டுக்கு நாமம் போட்ட மாதிரி. விரல் நகம் உள்ளே போனது.

ஆக, ஆதிமூலத்தைத் தேடிப் போனால் இந்த விரிசலுக்குக் காரணம் யார்? நான் சொல்லவில்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எஸ் எழுத்து மாதிரி வளைந்த இரும்புக் கொக்கி ஒன்று உண்டு. விரிசலுக்குக் குறுக்கே வைத்து அடித்தால் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். அடித்தேன். மதியம் பார்க்கிறேன், கொக்கிக்கு மேலே விரிசல் இன்னும் ஒரு விரல் ஏறியிருக்கிறது. ஈட்டி விரிகிற சத்தம் கேட்டிருக்கிறீர்களா? பக்கத்து அறையில் யாரோ விரலைச் சொடுக்குகிற மாதிரி, ரொம்ப மெதுவாக. டிப்போவில் என்னைத் தவிர யாருக்கும் அது கேட்காது. எனக்கு வீட்டில் படுத்திருக்கும்போதுகூடக் கேட்கும். மாராத்தாள் அது பல்லி என்பாள்.

விரிசல் ஓடிவிட்டால் நாலு மீட்டர் கட்டையும் விறகு. ஓடுவதற்கு முன்னால் அந்த இடத்தை அறுத்துத் தள்ளிவிட்டால் கட்டை பிழைக்கும். பாம்பு கடித்த விரலை வெட்டுவது போல. இது நானாகக் கண்டுபிடித்தது இல்லை, முறைதான். என்ன, முறைப்படி அறுத்தால் மேடத்துக்கு எழுத வேண்டும். அவர் வந்து பார்க்க வேண்டும். மறுபடி அளந்து, மறுபடி எண் வெட்டி, மறுபடி சுத்தியல் அடித்து, பாஸைத் திருத்தி, மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். மேடம் கோயம்புத்தூருக்குப் பயிற்சிக்குப் போயிருந்தார். சாவி அவரோடு போயிருந்தது. லாரி மறுநாள். எதற்கு எல்லாருக்கும் தொந்தரவு?

சத்தியமாக அதற்குத்தான். மூன்று நாள் தண்ணீர் ஊற்றாதது வெளியே தெரிந்துவிடுமே என்றெல்லாம் நான் நினைக்கவே இல்லை.

மிஷின் ரம்பத்தை எடுத்தேன். எட்டு சென்டி. நாலு விரல்கடை. வெண்ணெய் வெட்டுகிற மாதிரி ஒரே நேர்கோடு. புது முகத்தில் கறுப்புத் தாரை அழகாகப் பூசினேன், காற்று புகாமல். அறுத்த வில்லை தனியாகக் கிடந்தது. வட்டமாக, ஊதாவாக, நிலாத்துண்டு மாதிரி. அதை விறகுக் குவியலில் எறிய எனக்கு மனசு வரவில்லை. மொபெட்டில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறையில் குடிதண்ணீர்க் குடத்துக்கு அடியில் வைத்தேன். குடம் அதற்கென்றே செய்தது மாதிரி உட்கார்ந்தது. எண்ணும் முத்திரையும் இருக்கிற பக்கத்தைத் தரையைப் பார்த்து வைத்தேன். அந்தப் பக்கம் மெழுகு பூசியது, ஈரம் ஏறாது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

புரிந்துவிட்டதா? பின்னே ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? ஆமாம், எண் வில்லையோடு வந்துவிட்டது. ஆனால் கட்டை கட்டைதானே? மறுநாள் திருமூர்த்தி லாரி கொண்டுவந்தான். ஏற்றினோம். கேட்டில் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் பாஸில் டிக் போடுகிறவன் நான்தான். நூற்றுப் பதினேழு, டிக். நூற்றுப் பதினெட்டு, டிக். எனக்குத் தெரியாதா அது நூற்றுப் பதினெட்டு என்று? பெற்றவளுக்குப் பிள்ளையின் நெற்றியில் எண் வேண்டுமா?

"மச்சான், இந்தக் கட்டைக்கு மட்டும் என்ன மூஞ்சியில தாரு?" என்றான்.

"ஓட்டுறவன் ரோட்டைப் பாரு மாப்ளே."

"நம்பர் எங்கீங்க?"

"உள்ள இருக்குது."

நான் சொன்னதை நம்பி ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தான். அதற்கு மேல் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இவ்வளவு வாய் பேசுகிறவன், கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை பாருங்கள். அவனிடம் உள்ள குறை அதுதான்.

செக்போஸ்டில் பிடித்துவிட்டார்கள். தாரைச் சுரண்டிப் பார்த்தார்கள், எண் இல்லை. முத்திரை இல்லை. நாடாவை வைத்தார்கள், பாஸில் நாலு இருபது, கட்டையில் நாலு பன்னிரண்டு. நல்ல கட்டையை வழியில் இறக்கிவிட்டுத் திருட்டுக்கட்டை ஒன்றை ஏற்றிவந்திருக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கட்டியிருப்பேன். அதைத் தப்பு சொல்ல முடியாது. நல்ல வேலைக்காரர்கள்.

எனக்கு ஃபோன் அடித்தான். "மச்சான், ஒரு கட்டைக்கு மூஞ்சியே இல்லைங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ஃபோன்ல எதுக்கு மாப்ளே, நேர்ல வா, பேசிக்கலாம்" என்றேன்.

அவனை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

அடுத்த நாள் மேடம் பயிற்சி முடிந்து வந்தார். என்னைக் கூப்பிட்டார். மெல்லிசான குரல் அவருக்கு, அதட்டினால்கூட நலம் விசாரிக்கிற மாதிரி இருக்கும். "நாச்சிமுத்தண்ணா, நூத்திப் பதினெட்டு முத்திரையோடதானே வெளிய போச்சு?" என்று கேட்டார்.

நான் நிமிர்ந்து நின்று சொன்னேன். "முத்திரை இல்லாம நம்ம டிப்போவுல இருந்து ஒரு குச்சிகூட வெளிய போகாதுங்க மேடம்."

அதையே எழுதிக் கையெழுத்துக் கேட்டார். போட்டேன். இதில் பொய் ஏதாவது இருக்கிறதா சார்? முத்திரை கேட்டைத் தாண்டி வெளியேதான் போனது. என் மொபெட்டில் போனது. கட்டை அடுத்த நாள் லாரியில் போனது. ஒரே கேட். நான் எழுதியதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை.

அந்தக் காகிதத்தை வைத்துத்தான் திருமூர்த்தி மேல் கேஸ் உறுதியானது என்று பிறகு வக்கீல் சொன்னாராம். அது என் நேர்மைக்குக் கிடைத்த மதிப்பு. நேரம் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

பத்தொன்பது நாள். திருமூர்த்தியை ஜாமீனில் விட்டார்கள். லாரியை விடவில்லை. செக்போஸ்டுக்குப் பின்னால் நிறுத்திவைத்திருக்கிறார்கள், கட்டைகளோடு. லாரி இல்லாத லாரிக்காரன் என்ன செய்வான்? காலையில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு செக்போஸ்ட் வரைக்கும் பஸ்ஸில் போவானாம். ஒரு தடவை சுற்றிவந்து டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவானாம். இன்றைக்கு விசாரணையில் லாரி அரசாங்கத்துக்கா அவனுக்கா என்று முடிவாகிவிடும். மாராத்தாளின் வளையல்கள் அந்த லாரியில்தான் முன் சக்கரமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று அவளே சொல்வாள், முன்பு பேசிக்கொண்டிருந்த காலத்தில். கேஸ் விழுந்த அன்றே பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், தட்டைச் சத்தத்தோடு வைப்பாள். வில்லையைப் பற்றி அவளுக்கு அப்போது தெரியாது. இருந்தும் பேசவில்லை. "என் தம்பி நம்பி ஏத்துனது உங்க கேட்டுல" என்று அன்றைக்குச் சொன்னதோடு சரி. பெண்களுக்கு எப்படித்தான் மூக்கு வேர்க்கிறதோ.

நான் ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்றுதானே கேட்க வருகிறீர்கள்? யாரும் கேட்கவில்லையே! மேடம் கேட்டது முத்திரையைப் பற்றி. வக்கீல் கேட்டது பாஸைப் பற்றி. குடத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒருத்தர் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? அதோடு, வில்லை அரசாங்கச் சொத்து பாருங்கள். இன்றைய கணக்கில் எனக்கு ஓய்வு பெற மூன்று வருஷமும் ஏழு மாசமும் இருக்கிறது. டிப்போவில் காவல் காக்கிறவனே சமையலறைக்கு ஈட்டி கொண்டுபோனான் என்று வந்தால் நன்றாகவா இருக்கும்? இருபத்திரண்டு வருஷம் எல்லாருடைய முகத்தையும் வெடிக்காமல் காத்தவன் நான்.

நேற்றைக்குக் குடத்தடியை மாராத்தாள் கழுவியிருக்கிறாள். வில்லையை நிமிர்த்தி வைத்துத் தேய்த்திருக்கிறாள். வக்கீல் கொடுத்த காகிதத்தில் 118 என்ற எண்ணைப் பத்தொன்பது நாளாக எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள். நான் சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது குடம் வெறும் தரையில் இருந்தது. வில்லையைக் காணோம். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ராத்திரி பூராவும் அந்தச் சொடுக்குச் சத்தம். காலையில் எழுந்தால் வாசல்படியில் இந்தச் சாக்கு, வாய் தைத்து. அதன் மேல் ஒரு டம்ளர் காப்பி, பஸ்ஸுக்குச் சில்லறை.

"ஏனுங்க, இது அங்க போகோணும்" என்றாள். "இல்லீன்னா நீங்க போகோணும்."

"எங்கே?" என்றேன்.

"அதை நீங்களே முடிவு பண்ணிக்கோங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். பத்தொன்பது நாள் சேர்த்துவைத்து அவ்வளவுதான் பேசினாள்.

காப்பியில் சர்க்கரை போட்டிருந்தாள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

எப்படி நிரூபிப்பது என்கிறீர்களா? அட, அதில்தான் என் கெட்டிக்காரத்தனமே இருக்கிறது. இருந்திருக்க வேண்டும். வில்லையைக் கொண்டுபோய்க் கட்டையின் முகத்தில் பொருத்தினால் வளையத்துக்கு வளையம், கறுப்புக்கோட்டுக்குக் கறுப்புக்கோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு மரத்துக்கு ஒரே வளையம் இருக்காது. அதைவிடப் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. எட்டு சென்டி அறுத்தேன் இல்லையா, விரிசல் ஒன்பது சென்டி ஆழம் இருந்தது. அறுத்த பிறகும் புது முகத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு மிச்சம் நின்றது. இன்னொரு தடவை அறுக்கக் கை வரவில்லை. அதன் மேல்தான் தாரைப் பூசினேன். காற்றுக்காக என்று சொன்னேனே, காற்றுக்காகவும்தான். வில்லையில் இருக்கிற விரிசல் அப்படியே கட்டைக்குள் தொடரும். இங்கே விட்ட வாக்கியத்தை அங்கே முடிக்கிற மாதிரி. எதை மறைக்க அறுத்தேனோ அதுதான் இப்போது அவன் லாரியை மீட்கப் போகிறது. சிரிக்காதீர்கள் சார். சரி, சிரியுங்கள். எனக்கே பஸ் ஏறும்போது ஒரு தடவை வந்தது.

இன்னொரு வேடிக்கை. அங்கே கட்டையிடம் பாஸ் இருக்கிறது, முத்திரை இல்லை. இங்கே இதனிடம் முத்திரை இருக்கிறது, பாஸ் இல்லை. இத்தனை வருஷமாகப் பாஸ் இல்லாமல் ஒரு சுள்ளியைக்கூட வெளியே விடாதவன், பாஸ் இல்லாத ஈட்டியை பஸ் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பஸ் மெதுவாகிறதே. செக்போஸ்ட் வந்துவிட்டது. அதோ பாருங்கள், கட்டடத்துக்குப் பின்னால், புளியமரத்தடியில். நீல லாரி. 'அக்கா துணை' தெரிகிறதா? 'அ' மேல் காக்கை எச்சம். கீழே நாய் ஒன்று குட்டி போட்டிருக்கிறது. டயரைச் சுற்றிப் புல் முளைத்துவிட்டது சார். பத்தொன்பது நாளில் இவ்வளவா முளைக்கும்?

மேலே இருக்கிறது, தார் பூசிய முகம். ஒரு நனைந்த சாக்குகூட யாரும் போடவில்லை. வெயில் நேரே அடிக்கிறது.

பஸ்ஸுக்குள் ஏறிப் பார்ப்பார்கள். எப்போதும் பார்ப்பார்கள், மூட்டை சாக்கு என்றால் விடமாட்டார்கள். சார், ஒரு சின்ன உதவி. இந்தச் சாக்கை ஒரு நிமிஷம் உங்கள் மடியில் வைத்துக்கொள்கிறீர்களா? பதிமூன்று கிலோதான். நீங்கள் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருக்கிறீர்கள், கையில் தோல் பை வேறு. உங்களை ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேட்டால் தோசைக்கல் என்று சொல்லுங்கள். செக்போஸ்ட் தாண்டியதும் வாங்கிக்கொள்கிறேன். டவுனில் எப்படியும் நானேதான் கொடுக்கப்போகிறேன். நடுவில் இங்கே ஒரு சிக்கல் எதற்கு என்றுதான்...

என்ன சொன்னீர்கள்?

'உங்க மச்சினன்கிட்டயும் இப்படித்தான் ஏத்தி விட்டீங்களா'வா?

நல்ல ஆள் சார் நீங்கள். வழி பூராவும் 'ம்' கொட்டிக்கொண்டு வந்துவிட்டு, கடைசியில் ஒரே அடி. எங்கள் சுத்தியல்கூட இவ்வளவு ஆழமாகப் பதியாது.

கொடுங்கள். சாக்கைக் கொடுங்கள். இல்லை, நகர வேண்டாம், நானே எடுத்துக்கொள்கிறேன். அப்பாடா. மடியில் வைத்தால்தான் கனம் தெரிகிறது. குடத்துக்கு அடியில் இருந்தபோது தெரியவில்லை.

ஏறிவிட்டார். சின்ன வயசுக் காவலர். ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வருகிறார் பாருங்கள், அவசரமே இல்லாமல். நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள். கண்டக்டர் கையைக் காட்டுகிறார், தோசைக்கல்லாம் என்று சிரித்துக்கொண்டு.

நீங்கள் ஜன்னலைப் பாருங்கள் சார். உங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

என்னுதுங்க. இந்தச் சாக்கு என்னுதுங்க. இல்லீங்க, தோசைக்கல் இல்லீங்க. பிரிச்சே பாருங்க, கத்தி இருக்குதுங்களா? மெதுவா, முகத்துல படாம. நம்பர் தெரியுதுங்களா? நூத்திப் பதினெட்டு. எட்டு சென்டி. நான்தான் அறுத்தனுங்க.

மிச்சம் நாலு மீட்டர் பன்னண்டு சென்டி, உங்க புளியமரத்தடியில லாரி மேல படுத்திருக்குதுங்க. வாங்க, காட்டறேன். போறப்ப ஒரு குடம் தண்ணி மட்டும் எடுத்துக்குவோமுங்களா? வெயில் நேரா அடிக்குது.